திவசத்து இலையில் காளான் கறி

மச்சாளின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

சோறும் கறியும் குழைத்த பிடி விரல்களுக்குள் அப்படியே இருந்தது. கண் முதலில் இலையைப் பார்த்தது. பிறகு சுவரில் மாலை போட்டிருந்த என் கணவரின் படத்தைப் பார்த்தது. கடைசியாக என்னிடம் வந்தது. நான் பருப்புச் சட்டியும் அகப்பையுமாகப் பந்தியில் நின்றுகொண்டிருந்தேன்.

"இதென்ன கறி?"

"காளான், மச்சாள்."

"ஆருக்குப் பேய்க்காட்டுறீர்? இது ஆடு!"

பந்தியில் இருந்த எல்லோருடைய கையும் நின்றது. அன்றைக்கு என் கணவரின் திவசம். அவர் போய் மூன்றாவது வருசம்.

போன கிழமை சொல்லத் தொடங்கின என் கலியாணக் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன் என்று சிலர் குறைப்பட்டார்களாம். கலியாணம் எங்கேயும் ஓடிப்போகாது. காளான் அப்படி இல்லை, இன்றைக்கு விரிந்தால் நாளைக்கு வாடிவிடும். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மச்சாள் என்று நான் சொல்வது என் கணவரின் தமக்கை நாகேஸ்வரியை. கோப்பாயில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே வளவுக்குள் இருந்தவை. மாமனார் காலத்தில் நடுவே வேலி வந்தது. வேலியில் ஒரு பொட்டு விட்டிருந்தார்கள், ஒரு ஆள் குனிந்து போய் வரலாம். என் பிள்ளைகளும் வெளிநாடு, அவருடைய மகளும் வெளிநாடு. அந்தப் பொட்டால் போய் வருவதற்கு மிஞ்சியது நாங்கள் இரண்டு பேரும்தான்.

மச்சாள் சைவம். முட்டை வைத்த குளிர்ப்பெட்டிக்குள் தண்ணீர்ப் போத்தலை வைத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கமாட்டார். ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்த காலத்திலும் வெள்ளி விரதத்தை விடவில்லை. அந்த வெள்ளிகளில் சாப்பிட ஒன்றும் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவர் முதலில் வைத்த கறியைத் தின்று முடித்து, "இன்னுங் கொஞ்சம் வையும்" என்று கேட்டு வாங்கி, அதிலும் பாதி போன பிறகுதான் அந்தக் கை நடுவில் நின்றது. இதை நான் அன்றைக்குப் பந்தியில் சொல்லவில்லை. விருந்தாளியை அப்படிக் கேட்கக்கூடாது. இப்போது கேட்கலாம்.

மச்சாள் எழும்பிவிட்டார். திவச வீட்டில் பந்தியின் பாதியில் எழும்புவது சின்ன விஷயம் இல்லை. கையைக் கழுவினார், விபூதியை எடுத்துப் பூசினார், பொட்டுக்குள்ளால் குனிந்து தன் வீட்டுக்குப் போனார். பிறகு எங்கள் பின்வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்:

"அக்கா, அந்தக் கறிச்சட்டியை இஞ்சாலை ஒருக்கால் கொண்டு வாங்கோ பாப்பம்."

அவருக்குப் பிடித்தது

திவசத்துக்குச் செத்தவருக்கு விருப்பமானதைப் படைக்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வடை விருப்பம் என்றால் வடை, சுருட்டு விருப்பம் என்றால் சுருட்டு. கள்ளை ஒரு பேணியில் ஊற்றிப் படத்துக்குப் பின்னால் மறைத்து வைத்த வீடும் எனக்குத் தெரியும். ஐயர் அந்தப் பக்கம் பார்க்காமல் மந்திரம் சொன்னார்.

என் கணவருக்கு விருப்பமானது ஆட்டிறைச்சி. வேறு ஒன்றும் இல்லை. கத்தரிக்காய்க் கறியைக் கண்டால், "கந்தோருக்கு நேரமாகுது" என்று எழும்பிவிடுவார். அவருக்கு உத்தியோகமும் இல்லை, கந்தோரும் இல்லை. தோட்டம் செய்தவர்.

திவசத்தில் மச்சம் மாமிசம் சமைக்க முடியாது. அதனால் முதல் இரண்டு திவசத்துக்கும் கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய், பயற்றங்காய், பூசணி என்று வைத்தேன். இரண்டு முறையும் படத்தில் அவர் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை. கந்தோருக்கு நேரமான முகம்.

மூன்றாவது வருசம் நான் வளவில் ஒரு கொட்டிலில் காளான் வளர்த்துக்கொண்டிருந்தேன். கத்தி வைக்காமல் கையாலேயே கிழித்தேன். வெறுஞ் சட்டியில் போட்டுத் தண்ணீர் வற்றும்வரை பிரட்டினேன். பிறகு நல்லெண்ணெய், வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, கறுவா. இறைச்சிக்குப் போடுகிற அதே வறுத்த தூள், அதே பெருஞ்சீரகம். தேங்காய் முதற்பாலை விட்டு இறக்கித் தேசிக்காய்ப் புளி. மூடியைத் திறந்தபோது குசினிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றது. நான் அகப்பையும் கையுமாகக் கண்ணைத் துடைத்தேன். அடுப்புப் புகை, வேறொன்றும் இல்லை.

காகத்துக்குச் சோறு வைத்தபோது இன்னொன்று நடந்தது. முதல் இரண்டு வருசமும் "கா, கா" என்று நான் தொண்டை வறளக் கூப்பிட்டேன், ஒரு காகமும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த முறை இலையை மதிலில் வைத்துக் கையை எடுக்கவில்லை, ஒரு காகம் பாய்ந்து வந்து காளானை மட்டும் பொறுக்கித் தின்றது. அவருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மச்சாளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்தான். பிறகு ஊரெல்லாம் சொன்னார்: "காகம் மச்சத்துக்குத்தான் உப்பிடிப் பாயும். கத்தரிக்காய்க்கு ஆர் பாயிறது?"

ஒரே காகத்தை இரண்டு பேரும் சாட்சிக்குக் கூப்பிட்டோம்.

பூட்டின கொட்டில்

காளான் வளர்க்கிற கொட்டில் முந்தி ஆட்டுக் கொட்டில். மச்சாளுக்கு அதுவும் வாய்ப்பாகிவிட்டது.

என் கணவர் போன பிறகு ஆடுகளைக் கொடுத்துவிட்டேன். கொட்டில் சும்மா கிடந்தது, நானும் சும்மா கிடந்தேன். விவசாயக் கந்தோரில் காளான் வளர்க்கப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே இருந்ததெல்லாம் இளம் பெட்டைகள். பழக்க வந்த பிள்ளை என்னைப் பார்த்து, "அம்மா, நீங்கள் ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"என்னைத்தான்" என்றேன்.

அச்சடித்த கடதாசி ஒன்று தந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், அதிலும் பாதி நாள் மழைக்குப் போயிற்று. கடதாசியை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, சொன்னதைக் காதால் கேட்டேன்.

வைக்கலைச் சிறிதாக வெட்டி ஊறப்போட வேண்டும். பீப்பாவில் அவித்து ஆறவிட்டுப் பிழிய வேண்டும். பிறகு பைக்குள் ஒரு படை வைக்கல், ஒரு பிடி காளான் விதை, மேலே இன்னொரு படை என்று அடுக்கிக் கட்டி இருட்டில் வைக்க வேண்டும். பை முழுக்க வெள்ளை படரும். பிறகு கீறிவிட்டால், கீறின இடத்தால் மொட்டு வரும், மொட்டு விரிந்தால் சிப்பி போல இருக்கும். அதனால் பெயரும் சிப்பிக் காளான். அவ்வளவுதான். ஆட்டைப் போல வேலிக்கு மேலால் பாயாது.

ஒரு கட்டளை மட்டும் இறுக்கமாகச் சொன்னாள் அந்தப் பிள்ளை. கை கால் கழுவாமல் உள்ளே போகக்கூடாது, கண்ட ஆட்களையும் உள்ளே விடக்கூடாது, விட்டால் பையில் பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். நான் கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டேன். கிணற்றடியில் குளித்து, துவைத்த சேலை உடுத்தித்தான் உள்ளே போவேன். ஆடு இல்லாத ஆட்டுக் கொட்டிலை இவள் ஏன் பூட்டி வைத்திருக்கிறாள், முழுகிவிட்டு ஏன் உள்ளே போகிறாள் என்று ஒழுங்கையில் கதை வந்தது. நான் விளக்கம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.

சின்ன வயதில் மழை விட்ட அடுத்த நாள் நாங்கள் பனைக்கு அடியில் காளான் பிடுங்கியிருக்கிறோம். அம்மா அதைக் குசினிக்குள் எடுக்கமாட்டா. முற்றத்தில் மூன்று கல்லு வைத்து, அதற்கென்று ஒரு பழைய சட்டியில் காய்ச்சுவா. அது சைவமா மச்சமா என்று அம்மாவும் முடிவு கட்டவில்லை. சட்டியை மட்டும் வெளியே வைத்தா.

திவசத்தன்று பின்னேரம் நான் ஒரு சுளகு நிறையப் புதுக் காளான் பிடுங்கி, பொட்டால் குனிந்து போய், மச்சாளின் வாசலில் வைத்தேன்.

"உதைத் தூக்கிக்கொண்டு உள்ளை வராதையும்" என்றார்.

"வரேல்லை. வெளியிலை நிண்டு பாருங்கோ. இதுதான் இலையிலை விழுந்தது. ஆட்டுக்கு இப்பிடிக் காம்பிருக்குமோ?"

மச்சாள் ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். கிழித்துப் பார்த்தார். "பாரும், நார் நாராய்ப் பிரியுது. கோழி மாதிரி."

"மத்தியானம் ஆடெண்டனீங்கள்."

"ரெண்டும் உயிர்தானே."

"இது வைக்கலிலை வளந்தது, மச்சாள்."

"ஆட்டுக் கொட்டிலிலை வளந்தது" என்றார். "தம்பியின்ரை திவசத்திலை எனக்கு மச்சம் தீத்திப்போட்டீர். அவன்ரை படத்துக்கு முன்னாலை! இனி உம்மடை வாசல் மிதிக்கமாட்டன்."

சுளகை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சுளகில் ஒன்று குறைந்திருந்தது. அவர் கிழித்தது.

நல்ல தண்ணீர்

மற்ற நாள் காலை பொட்டில் ஒரு தகரம் நின்றது. கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

என் பக்கத்திலும் கிணறு இருக்கிறது. ஆனால் சவர்த் தண்ணீர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். உடுப்புத் தோய்த்தால் சவர்க்காரம் நுரைக்காது. கறிக்கும் தேத்தண்ணீருக்கும் காளானுக்கும் மச்சாள் வீட்டுக் கிணற்று நல்ல தண்ணீர்தான். வளவு பிரித்தபோது அந்தக் கிணற்றில் எங்களுக்கும் பங்கு என்று எழுதியே இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கணவரின் தமக்கையோடு வழக்குப் பேசுகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.

ஆட்டுக்குத் தண்ணீர் குறைந்தால் கத்தும். காளான் சத்தம் போடாது. காலை, மத்தியானம், பின்னேரம் பூத்தூவலாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். நிலத்து மணல் ஈரமாக இருக்க வேண்டும், சுற்றிக் கட்டின சாக்கு நனைந்து தொங்க வேண்டும். அது வைகாசி மாதம். சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. நனைத்த சாக்கு நான் வாளியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்தது.

ஒரு பைக்குச் சவர்த் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். மொட்டுகள் மஞ்சளாகி, ஓரம் கருகி, பொரித்து மறந்த அப்பளம் போல ஆகின. அந்தப் பையை மாமரத்தடியில் கொட்டினேன்.

அப்போது கொட்டிலில் இருந்த பைகள் எல்லாம் வெள்ளை படர்ந்து, மொட்டு வைக்கத் தொடங்கினவை. அவை காய்ந்தால் திரும்ப உயிர் வராது. கொக்குவிலில் ஒரு கடைக்காரர் கிழமைக்கு இரண்டு தரம் என்னிடம் எடுப்பார், அவரும் வேறு ஆளைப் பார்ப்பார். அதுகூடப் பரவாயில்லை. கொட்டில் காய்ந்தால் ஒழுங்கை முழுவதும் ஒரே கதைதான் வரும்: திவசத்தில் மச்சம் படைத்தவளின் கொட்டில் தானாக அழிந்தது. அதற்குப் பிறகு நான் எத்தனை திவசம் கொடுத்தாலும் அந்தப் பெயர் போகாது. என் கணவரின் பெயரோடு சேர்ந்தே கிடக்கும்.

பக்கத்து வீடுகளில் தண்ணீர் கேட்கலாம். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே சைக்கிளின் பின்கரியரில் பிளாஸ்ரிக் கானைக் கட்டிக்கொண்டு கோயில் பைப்புக்கு நடந்தேன். ஓட்டத் தெரியாது, உருட்டினேன்.

"என்ன அக்கா, தண்ணிக்கோ?" என்று கேட்டார்கள்.

"நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர்" என்றேன். எந்த டொக்டரும் சொல்லவில்லை. கானோடு நடக்கச் சொல்கிற டொக்டர் யார் என்று அவர்களும் கேட்கவில்லை.

ஐயர் சொன்னது

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து விபூதி வாங்க நின்றோம். மச்சாள் எனக்கு முன்னால். அவர் கையை நீட்டாமல் வாயைத் திறந்தார்.

"ஐயா, ஒரு விஷயம் கேக்கவேணும். காளான் சைவமோ, மச்சமோ?"

ஐயர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். அவருக்கும் கதை போயிருக்கிறது. தட்டை மற்றக் கைக்கு மாற்றினார்.

"எதிலை வளந்தது?" என்று என்னைக் கேட்டார்.

"வைக்கலிலை, ஐயா."

"வைக்கல் மாடு தின்னுறது. பிழையில்லை."

"அப்ப சைவம்" என்றேன்.

"ஆனால் எங்கடை ஆக்கள் காளான் தொடுறேல்லை. சாத்திரத்திலை விலக்கு."

"அப்ப மச்சம்" என்றார் மச்சாள்.

"மச்சமெண்டு நான் சொல்லேல்லை. எங்கடை ஆக்களுக்குத்தான் விலக்கு. நீங்கள் எங்கடை ஆக்களில்லைத்தானே."

இரண்டு பேருக்கும் விபூதி தந்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் வென்றேன் என்று நான் நினைத்தேன். தான் வென்றதாக மச்சாள் ஒழுங்கை நெடுகச் சொல்லிக்கொண்டு போனார். தகரம் அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நல்லாயில்லை. கோயில் பைப்பில் காற்றுத்தான் வந்தது, தண்ணீர் நினைத்த நேரம் வந்தது. கான் நிரம்ப வெகுநேரம் பிடிக்கும். ஒரு கான் கொண்டுவந்தால் சாக்கு குடிக்கும், பைகளுக்கு மிச்சம் இருக்காது. மொட்டுகள் பெருக்காமல் ஊசித்தலை அளவில் நின்றன. கொட்டிலுக்குள் போனால் முந்தி ஒரு ஈர மண் வாசம் வரும், மழை விழுந்து முடிந்த மாதிரி. அந்த வாசம் போய் வெறும் வைக்கல் மணந்தது.

காலை ஒவ்வொரு பையையும் அழுத்திப் பார்ப்பேன். பை லேசாகிக்கொண்டு வந்தது. முழங்காலும் தன்பாட்டுக்குக் கதைக்கத் தொடங்கியது. மச்சாளிடம் போய் ஒரு வார்த்தை கேட்டால் முடிந்துவிடும். "நான் செய்தது பிழை, மச்சாள்" என்று சொன்னால் போதும். ஆனால் பிழை இல்லையே. என் மனிசனுக்கு மூன்று வருசத்தில் ஒரு நாள் வாய்க்குப் பிடித்த சாப்பாடு வைத்தேன். அதைப் பிழை என்று சொல்வதானால் கொட்டில் காயட்டும் என்று இருந்தேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ஒவ்வொரு காலையும் கானைக் கட்டிக்கொண்டு போனேன்.

கனடாவில் இருந்து

மச்சாளின் மகள் சுகந்தி கனடாவில் இருக்கிறாள். ஒரு நாள் பின்னேரம் என் போன் அடித்தது. பச்சையை அமத்தினால் அவளுடைய முகம் வந்தது.

"மாமி, அம்மா ரெண்டு நாளாப் போன் எடுக்கிறா இல்லை. ஒருக்காப் போய்ப் பாக்கிறியளே?"

தாய் அவளுக்குச் சண்டையைச் சொல்லவில்லை. சொன்னால் இரண்டாந்தரம் கேட்டு வாங்கினதையும் சொல்ல வேண்டி வரும்.

தகரத்தைத் தாண்டிப் போகிற ஆள் நான் இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் சுற்றிப் போய் அவருடைய படலையைத் திறந்தேன். மச்சாள் கிணற்றடியில் கதிரை போட்டு இருந்தார். கிணற்றுக்குக் காவல் இருந்தாரோ, காற்று வாங்கினாரோ தெரியாது.

"என்ன, தண்ணிக்கோ வந்தனீர்?"

"எனக்கு ஒண்டும் வேண்டாம். உங்கடை மகள் வந்திருக்கிறா" என்று போனை நீட்டினேன்.

"அம்மா, போனுக்கு என்ன நடந்தது?" என்றாள் சுகந்தி.

"தலகணிக்குக் கீழை கிடக்கு. சத்தம் போடுதில்லை."

"நீங்கள்தான் சத்தத்தை நிப்பாட்டியிருப்பியள். சரி, மருந்துக் குளிசை ஒழுங்கா எடுக்கிறியளே?"

"ஓம். காலமை குளிச்சு, விபூதி பூசி, தேத்தண்ணிக்கு முதல் எடுக்கிறனான். ஒரு நாளும் விடேல்லை."

"நல்லது. மாமி, நீங்கள் காளான் வளக்கிறியளாமே! ஆரோ படம் போட்டிருந்தவை. வடிவா இருந்தது. அம்மாவுக்குக் குடுக்கிறனீங்களே?"

நான் மச்சாளைப் பார்த்தேன். அவர் கப்பியைப் பார்த்தார்.

"அம்மா காளான் தொடமாட்டா, பிள்ளை" என்றேன்.

"என்ன மாமி, பகிடியே? ஒவ்வொரு நாளும் எடுக்கிறா."

"ஆர்?"

"அம்மாதான். நான் அனுப்புற குளிசை என்னெண்டு நினைச்சனீங்கள்? காளானைக் காயவைச்சு அரைச்ச தூளெல்லோ. ஞாபகசக்திக்கு நல்லமெண்டு இஞ்சை எல்லாரும் வாங்கினம். போத்தலிலை படமும் போட்டிருக்கு, வெள்ளையா, சடை சடையா."

"அது செவ்வந்திப் பூவெண்டெல்லோ நினைச்சனான்" என்றார் மச்சாள்.

"காளான், அம்மா."

"வெள்ளியிலையும் எடுத்தனான்."

"ஒவ்வொரு நாளுந்தான் எடுக்கவேணும். சரி, எனக்கு வேலைக்கு நேரமாகுது, பிறகு எடுக்கிறன்" என்று அவள் போய்விட்டாள்.

அந்தக் குளிசை ஞாபகத்துக்கு நல்லதோ இல்லையோ எனக்குத் தெரியாது. மச்சாளுக்கு ஞாபகத்தில் குறை இல்லை. என் கலியாண வீட்டில் எந்தப் பந்திக்கு வடை காணாமல் போனது என்று இன்றைக்கும் சொல்லுவார்.

சொல்வதற்கு என்னிடம் கனக்க இருந்தது. காகம், கோழி, ஆடு, ஐயர், சைக்கிள், என் முழங்கால் எல்லாம் வரிசையாக வாய்க்குள் வந்து நின்றன. மச்சாளின் கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. வயதான கை, நரம்பு தெரிகிற கை. விரல் மட்டும் என் கணவரின் விரல் மாதிரி. நான் அதுவரை கவனிக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டேன்.

"குளிசை மருந்து" என்றார் மச்சாள்.

"ஓம்."

"மருந்துக்கு விரதம் இல்லை."

"இல்லைத்தானே."

"கறி வேறை."

"ஓம், மச்சாள். கறி வேறை. நான் போட்டு வாறன்."

வந்த வழியாலேயே, ஒழுங்கையால் சுற்றி வீட்டுக்கு வந்தேன்.

மருந்து

விடியக் கானைக் கட்டுகிறபோது வேலியைப் பார்த்தேன். தகரம் இல்லை. மச்சாள் அதைத் தன் கீரைப் பாத்திக்கு நிழலாகச் சாய்த்து வைத்திருந்தார், அதற்காகவே கழற்றினவர் போல. கிணற்றுக் கட்டில் வாளி கயிற்றோடு தயாராக இருந்தது.

கானை அவிழ்த்து வைத்துவிட்டுப் பொட்டால் குனிந்து போனேன். நான் அள்ளினேன், அவர் கீரை பிடுங்கினார். சாக்கை நனைத்து, மணலை நனைத்து, ஒவ்வொரு பைக்கும் பூத்தூவலாகத் தெளித்தேன். திரும்ப வந்து திரும்ப அள்ளினேன். மத்தியானம் தெளிக்கப் போகிறபோது கொட்டிலுக்குள் அந்த ஈர மண் வாசம் லேசாகத் திரும்பியிருந்தது. எல்லாப் பையும் தப்பவில்லை. தப்பின பைகளில் ஊசித்தலைகள் மெல்ல மெல்லப் பொத்தானாகி, சிப்பியாக விரிந்தன. கொக்குவில் கடைக்காரர் வந்து, "எங்கை அம்மா, இவ்வளவு நாளாய்க் காணேல்லை?" என்று கேட்டார். காற்று என்றேன்.

அந்த நாட்களில் ஒரு காலை, நான் வாளியை இழுத்துக்கொண்டிருக்கும்போது, மச்சாள் கீரைப் பாத்தியைப் பார்த்தபடி சொன்னார்:

"உந்தக் குளிசை நாலைஞ்சுதான் கிடக்கு."

"மகள் அனுப்புவாதானே."

"அது வர எவ்வளவு காலம். அதுவரைக்கும் இடையிலை விடலாமோ? தொடங்கின மருந்தை விடக்கூடாதெண்டுதானே சொல்லுறவை."

"விடக்கூடாதுதான்" என்றேன்.

"உம்மடை கொட்டிலிலை கிடக்கிறதும் அந்தச் சாதிதானே?"

"வேறை சாதி, மச்சாள். ஆனால் சொந்தக்காரர்."

"அப்ப கொஞ்சம் எடுத்தால் பிசகில்லை" என்றார்.

மத்தியானம் நான் ஒரு பேணியில் கொண்டு போனேன். திவசத்தில் வைத்த அதே கறி, அதே தூள், அதே பெருஞ்சீரகம். மச்சாள் சாப்பாட்டுக் கோப்பை எடுக்கவில்லை, சோறு எடுக்கவில்லை, குந்தி இருக்கவுமில்லை. இருந்து கையால் தின்றால் சாப்பாடு. குசினிக்குள் போய் ஒரு கரண்டி எடுத்துவந்து, வேலியடியில் நின்றபடி, மருந்து எடுக்கிறது போல ஒரு கரண்டி வாய்க்குள் விட்டார். கண்ணை மூடினார். இன்னொரு கரண்டி விட்டார். பேணி நிறைய நான் கொண்டு போனேன், அளவு சொல்ல டொக்டர் இல்லாதபடியால் முழுவதையும் எடுத்துவிட்டார். கடைசியில் கரண்டியால் அடியைச் சுரண்டினார்.

சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"தம்பி இருந்தால், எலும்பு எங்கையெண்டு கேட்டிருப்பான்."

"கேட்டிருப்பார்" என்றேன்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வேலியில் பார்க்க ஒன்றும் இல்லை. காற்று அடித்தது.

மச்சாள் பேணியை என் கையில் தந்தார். "நாளைக்கு உறைப்பைக் கொஞ்சம் கூட்டும். மருந்து சப்பெண்டு கிடக்கு."

"நாளைக்கு வெள்ளியெல்லோ, மச்சாள்?"

"மருந்துக்கென்ன வெள்ளி" என்றார்.